டாம்சினுக்கு வாங்கிய திரை

கடையின் பின்சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது. பனிக்காட்டில் ஓநாய்கள், பிறகு எரிமலை, பிறகு சேற்றைக் கிழித்துப் போகும் கார். படம் முடிந்து மறுபடி தொடங்கும் முன் ஒரு கணம் எல்லாத் திரைகளும் சேர்ந்து கறுத்துப்போகும். அந்தக் கணத்தில் கெரின் சுவர் முழுக்கத் தன்னையே பார்த்தாள். பஸ் ஓட்டும் சீருடை, மழையில் நனைந்து ஒட்டிய தலைமுடி, தூக்கம் கெட்ட முகம். எல்லாவற்றிலும் தனியாக நின்றாள். மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் அவள் பக்கத்தில் இன்னொருத்தி நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஈரக் குடைகள் சாய்த்து வைத்திருந்த வாளி மட்டும்.

"யாருக்குங்க பார்க்கறீங்க? உங்களுக்கா?" செம்பட்டைத் தாடியும் பெரிய வயிறுமாக விற்பனைக்காரர் வந்து நின்றார். மர்ரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"ஃப்ரெண்டுக்கு. முப்பதாவது பிறந்தநாள்."

"என்ன கேம் ஆடுவாங்க?"

"சுடுறதுதான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது உண்மையாக இருந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பள்ளி முடித்த காலத்திலிருந்து டாம்சின் ஹோபார்ட் ஊர்க் குளிரையெல்லாம் கெரின் வீட்டு முன்னறையில்தான் கழித்தாள். இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு தட்டில் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட ஸ்காலப் பை. பிறகு டாம்சினின் வாழ்க்கையில் ப்ரீ வந்தாள். கொஞ்ச நாள் மூவராக ஆடினார்கள். ப்ரீ நன்றாகவே ஆடினாள், கெரினைவிடவும். ஒரு நாள் டாம்சின் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெல்லரிவில் ப்ரீயின் வீட்டுக்குக் குடிபோனாள். நாற்காலியை மட்டும் விட்டுப் போனாள். "அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்குடி," என்றாள்.

நேற்று ப்ரீ போனில் கூப்பிட்டிருந்தாள். "இருபத்தேழு இஞ்சுக்கு மேல வேணாம் கெரின். எங்க டேபிள் சின்னது." எங்க டேபிள். அந்த 'எங்க' தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கி இன்னும் இறங்கவில்லை.

மர்ரி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது வளைந்தது, இது தட்டை. இதில் வேகம் அதிகம், ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். "அந்த மூலையில இருக்கே, அதுல கறுப்புன்னா கறுப்புதான். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா அணையும். ராத்திரிக் காட்டுக்குள்ள ஆடினா நமக்கே வயித்தைக் கலக்கும்."

படம் முடிந்தது. சுவர் கறுத்தது. மூலைத் திரையில் அந்த இன்னொருத்தி நின்றாள். கம்பளித் தொப்பி. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து, எடையெல்லாம் ஒரு காலில். உலகத்தில் அப்படி நிற்கிறவள் ஒருத்திதான்.

"அதையே குடுங்க."

"அது காட்சிக்கு வச்சது. புதுசு உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"வேணாம். அதேதான் வேணும்."

மர்ரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு ஒயரைப் பிடுங்கினார்.

ஆற்றின் இந்தப் பக்கம், மூனாவில் அவள் வீடு சேரும்போது இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் சாயங்காலமே மலை வெளிச்சத்தை விழுங்கிவிடும். தெரு முழுக்க விறகுப்புகை தாழ்ந்து கிடந்தது. திரையில் பழுதான புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பரிசாகக் கட்ட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரணம் சரியாகத்தான் இருந்தது. பழைய மேசையில் வைத்து, ஒயரைச் செருகி, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மாற்றிப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். கடைசியாகக் கறுப்பு.

அறை அதற்குள் தெரிந்தது. மேசை விளக்கு, ஜன்னல் சட்டம், அவள் முகம், பின்னால் டாம்சினின் நாற்காலி. நாற்காலியில், உட்காருகிற இடத்தில் மட்டும், இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

பயந்துதான் போனாள். எழுந்து எல்லா விளக்கையும் போட்டாள், நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். குளிர்ந்த துணி, அவ்வளவுதான். ஆனால் அதன் சாய்வில் தேங்காய் வாசனை அடித்தது. டாம்சின் வெடித்த கைகளுக்குப் பூசும் க்ரீம். ஒரு வருடமாக இல்லாத வாசனை. கெரின் குனிந்து, முகத்தை அதில் புதைத்து, நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

அடுத்த சாயங்காலமும் கறுப்பைப் போட்டாள். அதற்கடுத்ததும். வேலையில் நாள் முழுக்க தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பயணிகளின் முகங்கள் ஏறி இறங்கின. அவள் மனம் வீட்டில் இருந்தது. வந்ததும் ஷூவைக் கழற்றாமல் திரை முன் உட்காருவாள். கெட்டி இருட்டுக்கு மெல்ல வடிவம் வந்தது. முதலில் மடக்கி வைத்த முழங்கால். பிறகு தொப்பி. பிறகு முதுகு. திரைக்குள் இருந்தவள் எப்போதும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். எதையோ தேடுவதுபோல் தலை மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்தது. கெரினுக்கு முன்பு இருந்த பயம் இப்போது வேறாகிவிட்டது. எங்கே போய்விடுவாளோ என்ற பயம்.

"டாம்ஸ்," என்று கூப்பிடுவாள். "இந்தப் பக்கம் திரும்பேன்டி."

திரும்பமாட்டாள்.

வாரக் கடைசியில் உண்மையான டாம்சின் போன் செய்தாள். குரல் தூரத்திலிருந்து வந்தது.

"என்னன்னே தெரியலடி. எப்பப் பார்த்தாலும் தூக்கம். சாப்பாடு ருசிக்கவே மாட்டேங்குது. பல்லு விளக்கும்போது பார்க்கறேன், கண்ணாடில நான் மங்கலா இருக்கேன். சிரிக்காத."

"சிரிக்கலடி. வேலை ஜாஸ்தியா இருக்கும்."

"இருக்கும். ஒண்ணு சொல்லட்டுமா? தினமும் உன் வீட்டு முன்னறை கனவுல வருது. கதவு மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது."

 கெரினின் கண் திரையில் இருந்தது. முதுகு காட்டியவளின் கழுத்து மயிர் ஒவ்வொன்றும் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. புரியாமல் இல்லை. அங்கே குறைவது இங்கே கூடுகிறது. திரையை அணைத்தால் போதும், ஒருவேளை. உடைத்தால் நிச்சயம். கை சுவிட்ச் வரை போனது. அப்போது போனுக்குப் பின்னால் ப்ரீயின் குரல் கேட்டது. "யாரு செல்லம்? வா, சூப் ஆறுது."

கெரின் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேறு கடைக்குப் போய், கைக்கு வந்த முதல் மானிட்டரை வாங்கி, பளபளக்கும் தாள் சுற்றினாள். இருபத்தேழு இஞ்ச். அவர்கள் டேபிளுக்குச் சரியாக இருக்கும்.

பிறந்தநாள் விருந்து ப்ரீ வீட்டின் பின்புறத்தில். நெருப்புத் தொட்டியில் விறகு எரிந்தது, சாசேஜ் கருகும் வாசனை. எல்லோரும் குளிரில் பேசப்பேச வாயிலிருந்து புகை வந்தது. டாம்சினைப் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். கெரின் குனிந்து கட்டிக்கொண்டாள். காலிக் கோட்டைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. யாரோ ஊட்டிய கேக்கை மென்றாள். நிறுத்தச் சொல்லும் வரை மென்றுகொண்டே இருந்தாள்.

அவள் வாயிலிருந்து மட்டும் புகை வரவில்லை.

கெரின் நிமிர்ந்தாள். எதிரே சமையலறையின் பெரிய ஜன்னல். நெருப்பும், கூடியிருந்தவர்களும், பலூன்களும் அதில் தெரிந்தன. நடுவில் ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு போர்வை. போர்வைக்குள் யாருமில்லை.

ப்ரீ அவளைத் தனியாக வேலியோரம் இழுத்துப் போனாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"டாக்டருங்க ஒண்ணும் இல்லேங்கறாங்க. கெரின், எனக்கு அவளைக் கொஞ்ச நாளாத்தான் தெரியும். உனக்குத்தான் எல்லாம் தெரியும். உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும், பரவாயில்ல. சொல்லு. அவளுக்கு என்ன ஆச்சு? நான் என்ன செய்யணும்?"

எத்தனை நாள் காத்திருந்த பேச்சு இது. உனக்குத்தான் எல்லாம் தெரியும். கெரினின் நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. சொல்லிவிடலாம். காரை எடுத்தால் பாலத்தைத் தாண்டி வீடு. ஒரு சுத்தியல் போதும்.

"தெரியலையே ப்ரீ," என்றாள். "தூங்கினா சரியாயிடும்."

சொல்லிவிட்டு, கேக்கைக்கூடத் தொடாமல் கிளம்பினாள். பாலத்தின் மேல் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. கீழே ஆறு தெரியவே இல்லை. வெறும் கறுப்பு.

வீட்டு வாசலிலேயே தேங்காய் வாசனை.

முன்னறையில் விளக்கைப் போடவில்லை. தேவைப்படவில்லை. திரை கறுப்பாக எரிந்துகொண்டிருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அதற்குள் அறை, ஜன்னல், நாற்காலி. நாற்காலி காலி.

கெரின் பாய்ந்து திரை முன் குனிந்தாள். போய்விட்டாள்.

போகவில்லை.

கண்ணாடிக்கு மிக அருகில் நின்றிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து. தொப்பி கழன்றிருந்தது. முகம் திரை முழுக்க. ஒரு வழியாகத் திரும்பிவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல். தோல் வெளுத்து அமுங்கியது, விலகியது, மறுபடி அமுங்கியது. கண்களில் உயிர் இருந்தது. பெல்லரிவில் இல்லாத உயிரெல்லாம் இங்கே இருந்தது. வாய் திறந்து மூடியது. கூப்பிடுகிறாள். ஒரே பெயரை.

"இங்கதான் இருக்கேன்டி," என்றாள் கெரின். "டாம்ஸ், இதோ இருக்கேன்."

டாம்சினின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. அவள் தோளுக்கு மேல், கதவின் பக்கம், தேடிக்கொண்டே இருந்தது.

கெரின் உதடுகளைப் பார்த்தாள். தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கெரின். உதடுகள் ஒட்டவில்லை. இன்னொரு முறை சொன்னாள். ஒட்டவில்லை.

திரையில் ஒவ்வொரு முறையும் முதலில் உதடுகள் இரண்டும் ஒட்டின. பிறகு பல் தெரிய நீண்டன. ப்ரீ.

கெரின் கதவைத் தாழிட்டாள். காலியான நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை இழுத்துப் போட்டாள். திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் உதடுகள் ஒட்டின. பிரிந்தன. ஒட்டின.