அடுத்த கட்டிலின் தாகம்

மத்தியான வெயிலில் அண்ணன் அவளை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பெட்டியை எடுத்துத் தந்தவன் உள்ளே வரவில்லை.

"இதுதான் கடைசி. இங்கேயும் குடிச்சேன்னா பாப்பாவை மறந்துடு," என்றான். குரலில் கோபம்கூட இல்லை, அலுத்துப்போயிருந்தான்.

அவள் தையல்காரி. புருஷன் விட்டுப்போனபின் குடியில் விழுந்தவள். ஆஸ்பத்திரியில் ஒருவழியாகத் தேற்றி, வீடு திரும்புமுன் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று தேவாலயம் நடத்திய இந்த இல்லத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் திருந்தும்வரை மகள் அண்ணன் வீட்டில்.

இல்லத்தின் பொறுப்பு சிஸ்டருடையது. நல்ல மனுஷி, ஆனால் கறார். பெண்கள் தினமும் அவர் முன்னால் ஒரு சின்னக் கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

"அது யாருக்கு சிஸ்டர்?"

"யாருக்கும் இல்ல."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கை நடுக்கம் அடங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடிந்த அன்று தையல் மெஷின்மேல் தலை சாய்த்து அழுதாள்.

பிறகு ஒரு சாயங்காலம். மற்றவர்கள் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெளியே மழை மூட்டம், அறையில் பாதி இருட்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம்.

ச்சப்.

ச்சப்.

மெல்லத் திரும்பினாள். சுருட்டியிருந்த மெத்தை விரிந்து கிடந்தது. நடுவில், ஆள் படுத்த பள்ளம்.

"தாகமா இருக்கு," என்றது ஒரு கிசுகிசுப்பு. "ஒரே ஒரு வாய்."

குப்பென்று சாராய வாடை அடித்தது. கையால் மூக்கைப் பொத்தினாள். வாடை போகவில்லை.

அது அவள் வாய்க்குள்ளிருந்து வந்தது.

மறுநாள் ஊதினாள். சிவப்பு.

"சத்தியமா நான் தொடல சிஸ்டர்."

"எல்லாரும் இதைத்தான்மா சொல்றீங்க." சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் வர்றார். பாப்பாவைப் பார்த்து அனுப்பிட்டு வந்து ஊது. அப்பவும் சிவப்புன்னா, பெட்டியைக் கட்டிடு."

அவள் கெஞ்சி வராந்தாவில் படுத்தாள். வாயை உப்புநீரால் கொப்பளித்துப் புண்ணாக்கினாள். வாடை கூடவே வந்தது. கடைசியில் சமையல்கார அக்காவிடம் கேட்டாள். அந்த அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. ராவும் பகலும் கத்தினா. சாராயத்துக்கு நடிக்கிறான்னு கதவைப் பூட்டிட்டோம். கடைசியில குடிக்க வெறும் பச்சைத்தண்ணிதான் கேட்டிருக்கா. யாரும் குடுக்கல. தாகத்தோடயே செத்துப்போனா."

"இதைச் சிஸ்டர்கிட்ட சொல்லுங்கக்கா."

"பூட்டினதே அவங்கதான்மா."

ஞாயிற்றுக்கிழமை மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் சிஸ்டரிடம் பேசப் போனான். மகளுக்குப் பால் கொண்டுவரச் சமையலறைக்குப் போனவள் அறைக்குத் திரும்பியபோது, அடுத்த கட்டிலில் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு அத்தை இருக்காங்கம்மா. தாகமாம். எங்க வீட்டுக்கு வாங்க, நான் தர்றேன்னு சொன்னேன்."

டம்ளர் கையிலிருந்து நழுவியது.

அண்ணன் வந்து மகளைத் தூக்கிக்கொண்டான். அவன் தோளிலிருந்து எட்டி மகள் அம்மாவுக்கு முத்தம் கொடுத்தாள். பிஞ்சு வாய். அதிலிருந்து சாராய வாடை.

"அண்ணா..." என்று ஆரம்பித்தாள்.

என்ன சொல்வது? குழந்தைக்கும் ஊற்றிக் கொடுத்தாயா என்றுதான் கேட்பான். அதற்குப்பின் மகளின் நிழலைக்கூடப் பார்க்க விடமாட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போயிற்று.

சிஸ்டர் கருவியை நீட்டினார். ஊதினாள். பச்சை.

"பார்த்தியா? சுத்தமா இருக்கு," என்று முதல்முறையாகச் சிரித்தார் சிஸ்டர்.

அவள் நாக்கால் வாயைத் துழாவிப் பார்த்தாள். வாடை இல்லை. அறைக்கு ஓடினாள். அடுத்த கட்டிலில் மெத்தை பள்ளமில்லாமல் கிடந்தது. ஆபீசுக்கு ஓடிவந்து போனை எடுத்தாள்.

"என்ன விஷயம்?" என்றான் அண்ணன். "வழியிலதான் இருக்கோம்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்குறா. என்னன்னு தெரியல, வாயை மட்டும் சப்புக் கொட்டிக்கிட்டே வர்றா."

அவன் பேச்சுக்குப் பின்னால், போனுக்கு மிக அருகில், அது கேட்டது.

ச்சப்.