நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று

சூதாட்ட விடுதியின் மூன்றாவது காசு மெஷினின் மேல் நாற்காலியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆடுகிறவர் எழுந்து போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று அதற்கு அர்த்தம். நெவாடாவில் குடிகாரன்கூட அதைத் தொட மாட்டான். ஆனால் அது லோனியின் இடம். லோனியைப் புதைத்து ஒன்பது நாளாகிறது.

"யார் சாய்ச்சு வெச்சது?" என்று கேட்டாள் வெர்னா.

"யாருமில்ல. நானும் நிமித்தி நிமித்தி வெக்கிறேன், திரும்பிப் பாத்தா இப்படித்தான் நிக்குது," என்றாள் காபி தரும் டார்லீன். "உனக்கு வேற மெஷினே கெடைக்கலயா?"

வேறு மெஷின் அவளுக்கு வேண்டாம். எதிர்ச்சாரி ஆஸ்பத்திரியில் மகன் கிளே கண் திறக்காமல் பதினாறு நாளாகக் கிடக்கிறான். போன வருடம் டாக்டர்கள் கைவிட்ட மனைவி ஓபலுக்காக லோனி இங்கேதான் உட்கார்ந்தான். அன்று மாலையே அவள் கண் விழித்தாள்.

முப்பது வருடம் மெஷின் பழுதுபார்த்தவன் லோனி. கடைசியாகப் பார்த்தபோது அவளிடம் சொன்னான்: "நூறு போட்டா தொண்ணூத்தி மூணு வரும்னு மேல எழுதியிருக்கான் பாரு, அதுலதான் ஏமாந்தேன். வந்ததையே மறுபடி போடுவோம் வெர்னா. அதுலயும் ஏழு பங்கு எடுப்பான். ஒண்ணுமில்லாம ஆகுற வரைக்கும் எடுப்பான்." கடைசியில் ஓபல் செத்தபோது சவப்பெட்டி கனமே இல்லை என்று தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். எல்லாம் தெரியும். பெற்ற வயிறு பற்றி எரியும்போது கணக்கு எங்கே ஏறும்?

நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. பழைய சிகரெட் வாடையும் கம்பளத்தின் எலுமிச்சை மருந்து நெடியும் தொண்டையை அடைக்க, சுற்றிலும் ஓயாமல் ஒலித்த மணிகள் மெல்ல மெல்ல எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன. பணத்தைப் போட்டு, "என் பிள்ளையைத் திருப்பிக் கொடு," என்று பொத்தானை அழுத்தினாள்.

போன் அடித்தது.

"வெர்னா, கிளே முழிச்சிட்டான். தண்ணி கேக்குறான்," என்றாள் நர்ஸ்.

வெர்னா வாய்விட்டு அழுதாள். ஓடிப்போய் அவனைப் பார்க்க எழுந்தும்விட்டாள். அப்போது நர்ஸின் குரல் தணிந்தது.

"இடது கண்ணு மட்டும்... எப்படிச் சொல்றது... அங்க இல்ல வெர்னா."

செர்ரிப்பழப் படம் நிற்க வேண்டிய மெஷினின் நடுச் சக்கரத்தில், பழுப்புநிறக் கண் ஒன்று இமைத்தது.

மிச்சத்தையும் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். உட்கார்ந்தாள். அழுத்தினாள்.

"கை... இப்பதான் புடிச்சிருந்தேன், அவன் கை..."

கண்ணை மட்டுமாவது. அழுத்தினாள். கையை மட்டுமாவது. அழுத்தினாள்.

போனில் யாரோ ஓடுவது கேட்டது. ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு சத்தமில்லை.

முதல் சக்கரம் நின்றது. உதடுகள். கிளே பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்போடு.

"அம்மா, போதும். விட்டுரும்மா."

"இன்னும் ஒரே ஒரு தடவை, ராஜா," என்றாள் வெர்னா. அழுத்தினாள்.

உதடுகள் மேலே சுழன்று மறைந்தன. கண் மட்டும் நடுவில் வந்து நின்று, அவளையே பார்த்து அழுதது.