நாற்பத்தொன்றாவது வரி

மேதாவி எங்கள் மூன்றாம் மாடி அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்த காலையில், முதல் வேலையாக நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைத்தான். இறந்துபோனவரின் நாற்காலியாம். அவனுக்கு மேதாவி என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

அந்த நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாம் எழுதும் புரோகிராமைப் படித்து இயந்திரத்துக்கு மாற்றித் தரும் கம்பைலருக்கு, பிழைச் செய்திகள் எழுதுவது அவர் வேலை. ஒரு தகவல் எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று வகையைக் குறிப்பிடும் இடத்தில் யாராவது ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால், கம்பைலர் முரண்டு பிடிக்காது. எந்த வரி, எந்தக் குறி, எப்படிச் சரிசெய்வது என்று பொறுமையாகச் சொல்லும். மாரடைப்பு வந்த அன்றும் அப்படி ஒரு செய்தியைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

மேதாவி அத்தனையையும் ஒரே மூச்சில் அழித்தான். அடைப்புக்குறி போடத் தெரியாத முட்டாள்களுக்கு எதற்குத் தாலாட்டு என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே செய்தி வைத்தான்: "வகை தவறு."

பிற்பகல் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். அறைக்குள் மட்டும் ஏனோ ஈரத்துணி வாடை. சோதித்துப் பார்க்க, வேண்டுமென்றே தப்பான புரோகிராம் ஒன்றை ஓட்டினான். திரையில் வந்தது:

"41ஆம் வரி. இங்கே அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. பரவாயில்லை, போட்டுவிடுங்கள்."

யார் விளையாடுவது என்று எங்களைப் பார்த்துச் சீறினான். கோப்பு கோப்பாகத் தேடினான். அந்த வாக்கியம் எங்குமே இல்லை. வேறொரு கணினியில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி மறுபடி ஓட்டினான்.

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

அவன் கைகள் மடியில் இருந்தன.

"41ஆம் வரி. எதிர்பார்த்தது: மனிதன். கிடைத்தது: நீ."

அத்தனை வாயும் எங்கே போனதோ. வெளுத்த முகத்தோடு என் பக்கம் குனிந்து, "அவங்க... எப்படிப்பட்டவங்க?" என்று கிசுகிசுத்தான்.

"உங்கள மாதிரி இல்ல," என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. ராஜினாமாக் கடிதம் வீட்டிலிருந்து வந்தது. அதில் மூன்று எழுத்துப்பிழைகள்.

அக்காவின் செய்திகளை நான் மீட்டு வைத்தேன். இனி ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு நேற்றுக் காலை என் புரோகிராமை ஓட்டினேன். பிழையே இல்லாத புரோகிராம். கம்பைலர் எதுவும் பேசக்கூடாது.

ஒரு வரி வந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. பின்னால திரும்பாதே."