மங்கையின் 'பரவாயில்ல'

கூதிர்ப் பருவம் பிறந்த அன்று காலை மங்கையர்க்கரசி இன்னும் பல்கூட விளக்கவில்லை. அதற்குள் புதிதாக வந்திருந்த அத்தனை அனிமே தொடர்களைப் பற்றியும் கருத்துச் சொல்லி முடித்துவிட்டாள்.

அவள் எங்கே சொன்னாள்? அவளுடைய முன்ரசிகன் சொன்னது. ஆனால் அந்த வித்தியாசத்தை இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? மணிக்கட்டில் கிடக்கும் காப்பு சும்மா கிடப்பதில்லை. எந்தக் காட்சிக்கு நாம் என்ன சொன்னோம், அப்போது நாடி எப்படித் துடித்தது என்று வருடக்கணக்காக ஒட்டுக்கேட்டு, நம் ரசனையை அப்படியே நகல் எடுத்து வைத்திருக்கும். அந்த நகல்தான் முன்ரசிகன். பருவம் பிறந்ததும் அது எல்லாத் தொடர்களையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, நாம் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்போமோ அதை நம் பேரிலேயே கருத்துப்பலகையில் எழுதிவிடும். அதற்கப்புறம் நாம் வேறு எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்? பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

மதுரை எல்லீஸ் நகர் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே மங்கை தன் கருத்துகளைப் படித்தாள்.

செத்துப்போய் வேற்றுலகத்தில் பஞ்சாயத்துத் தலைவனாகப் பிறக்கிறவன் கதை: 'முதல் பாதி ஜோர், தேர்தல் வந்ததும் ஒரே இழுவை.' பள்ளிக்கூட வாள்சண்டைத் தொடர்: 'எவனும் புத்தகத்தைத் தொடக் காணோம், வாத்தியார் முடி மட்டும் எந்நேரமும் காற்றில் பறக்கிறது.' பூனைகள் நடத்தும் துப்பறியும் நிலையம்: 'அடியாத்தி, பின்னிட்டாய்ங்க! இந்தப் பருவத்தின் உச்சம்.'

"பூனையா? எனக்கா?" என்று மங்கை ஒரு கணம் முழித்தாள். பிறகு, சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பலகையைக் கீழே தள்ளினாள். அவள் தேடியது வேறொன்றை. அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு பாலைக் கவனிப்பது போல நடித்த அவள் புருஷன் பூபதியும் அதற்குத்தான் காத்திருந்தான்.

பூபதி படம் வரைகிறவன். இத்தனை வருடமும் அடுத்தவன் தொடருக்கு முகமும் மரமும் மழையும் வரைந்து கொடுத்தவன். இந்தப் பருவத்தில்தான் அவன் சொந்தத் தொடர் வந்திருக்கிறது. பெயர், 'நிலாவுக்குத் தண்ணி லாரி'. வெளிவருமுன் காட்டினால் ராசியில்லை என்று அவன் காட்டவில்லை. பார்த்தால் கருத்து கெட்டுப்போகும் என்று அவளும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. தமிழ்க் கருத்துப்பலகையில் மங்கை சாதாரண ஆள் இல்லை. தனக்கென்று ஒரு கருத்தைத் தேடச் சோம்பல்படுகிறவர்கள் தங்கள் முன்ரசிகனை அடுத்தவரின் முன்ரசிகனோடு கட்டிவிடலாம். அதற்கு வால்கட்டு என்று பெயர். பாதித் தமிழ்நாடு மங்கைக்கு வால் கட்டியிருந்தது. மூன்றாம் வாரம் பலகையில் மூடுகோடு விழும். கோட்டுக்குக் கீழே இருக்கும் தொடர் அத்தோடு காலி.

"வந்துருச்சா?" என்றான் பூபதி, பாலைப் பார்த்தபடியே.

மங்கை பலகையைக் கையால் மறைக்கப் பார்த்தாள். அவன் எட்டிப் பார்த்தான். 'நிலாவுக்குத் தண்ணி லாரி: பரவாயில்ல. தரம்: மத்திமம்.'

அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தலைவனுக்குக்கூட ரெண்டு வரி இருந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"ஏங்க, பாலு!"

"பரவாயில்ல, தொடச்சுக்கலாம்" என்று துணியை எடுத்தான். அந்தச் சொல் அவன் வாயிலேயே வந்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வால் கட்டியவர்கள் ஒவ்வொருவராக மத்திமம், மத்திமம் என்று எழுத, மதியத்துக்குள் தண்ணி லாரி மூடுகோடு விழும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

மங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி காயப்போட்டாள். கடைசியில், இப்போதெல்லாம் யாரும் செய்யாத காரியத்தைச் செய்வோம் என்று, திரையைப் போட்டுத் தண்ணி லாரியைத் தன் கண்ணால் பார்க்க உட்கார்ந்தாள்.

நிலாவில் காற்றடைத்த கூண்டுக்குள் ஓர் ஊர். அதற்குத் தண்ணி லாரி ஓட்டுகிறவள் சீனியம்மா. லாரி வந்ததும் கலர் கலரான பிளாஸ்டிக் குடத்தோடு வரிசை, வரிசை என்றதும் சண்டை. நீ எப்ப வந்த, நான் எப்ப வந்தேன், உன் குடம் என்ன கடலா என்று ஒரே ரகளை. அந்த நேரம் பார்த்து லாரியின் குழாய் பிய்த்துக்கொள்கிறது. ஐயோ என்று எல்லாரும் பாய்கிறார்கள். ஆனால் நிலாவில் இழுப்பு குறைச்சல் இல்லையா, தண்ணீர் அவசரமே இல்லாமல் விழுகிறது. உருண்டை உருண்டையாக, யோசித்து யோசித்து இறங்குகிறது. அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த சனம் குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி, பிடிக்க மறந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் முதல் வாரம்.

மங்கைக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. மார்பு படபடவென்று அடித்தது. இந்த மனுசனுக்குள் இத்தனை நாள் இது எங்கே இருந்தது? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை அறியாமல் வாய் சொன்னது:

"ம்ம்... பரவாயில்ல."

"அப்பச் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று ஒரு குரல் வந்தது. வாசலில் பூபதி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அய்யோ, நான் அப்படிச் சொல்லலைங்க!"

"பெறகு எப்படிச் சொன்ன?"

எப்படி விளக்குவது? மங்கை வீட்டில் எதையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார்கள். பாராட்டினால் கண்ணு பட்டுரும். அவள் பள்ளியில் முதலாவதாக வந்தபோது அவள் அம்மா மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றாள். சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பூபதி பெண் பார்க்க வந்து போனபின், மாப்பிள்ளை எப்படிடி என்று கேட்டபோது மங்கையும் அதே சொல்லைத்தான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான் பூபதி. இன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நானும் மத்திமந்தானா மங்கை?"

"கூறுகெட்டாப்புல பேசாதீங்க."

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். நம்ம வீட்டப் பரவாயில்லன்ன. ரசத்தப் பரவாயில்லன்ன. நான் வரைஞ்ச உன் படத்தப் பரவாயில்லன்ன. அதுல எது எந்தப் பரவாயில்ல?"

அவன் வெளியே போய்விட்டான். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. முன்பு தானே உட்கார்ந்து பார்த்த காலத்தில், எத்தனையோ பருவங்களில் அவள் மனசுக்குள் வைத்துக் கொஞ்சிய தொடர்கள் உண்டு. ஒவ்வொன்றும் மூன்றாம் வாரமே செத்தது. ஊருக்கு ரசனையே கிடையாது, காட்டான்கள் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! அவை ஒவ்வொன்றையும் அவள்தான் 'பரவாயில்ல' என்று சொல்லியிருந்தாள். பூபதியைச் சீண்டுவதற்காக "பின்னிட்டாய்ங்க" என்று கத்திய குப்பையெல்லாம் உச்சத்தில் ஏறியிருந்தது. கொன்றது ஊரில்லை.

அவள் முன்ரசிகன் நிலையத்தைக் கூப்பிட்டாள். ஃபெமினா என்றொரு பெண் பேசினாள்.

"நாடி துடிக்கறது பதிவாகியிருக்கு மேடம். ஆனா கோவத்துலயும் துடிக்கும், ஆசையிலயும் துடிக்கும். எதுன்னு முடிவு பண்ண வாய்ச்சொல்லத்தான் எடுத்துக்குவோம். பரவாயில்லன்னா சுமார்னுதான மேடம் அர்த்தம்?"

"எங்க வீட்ல அப்படி இல்லம்மா."

"அப்ப நல்லாருந்தா என்ன சொல்வீங்க?"

"சொல்ல மாட்டோம்."

மறுமுனையில் ஃபெமினா எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு, "இந்தத் தொடரப் பாத்துக்கிட்டே வாய்விட்டு நல்லாருக்குன்னு ஒரு தடவ சொல்லிருங்க மேடம், அதுவே திருத்திக்கும்" என்றாள்.

சொல்வதற்கென்ன என்று மங்கை மறுபடி தொடரைப் போட்டாள். தண்ணீர் விழும் இடம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ? அவனுக்கு ஏதாவது? கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"ரொம்ப நல்லாருக்கு!"

காப்பு ஒரு தரம் அதிர்ந்தது. "கேலி பதிவாகிவிட்டது" என்றது.

ஆகாமல் என்ன செய்யும்? ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டால் "ரொம்ப நல்லாருக்கு!" பாதி வழியில் வண்டி நின்றால் "ரொம்ப நல்லாருக்கு!" மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால், அவர் காதுக்கு எட்டாமல், "ரொம்ப நல்லாருக்கு!" அவள் வாழ்நாளில் அந்தச் சொல்லை வேறெதற்கும் சொன்னதில்லை. காப்புக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். பலகையில் தண்ணி லாரிக்கு எதிரே மத்திமம் போய், 'நகைப்புக்குரியது' வந்தது. வால் கட்டியவர்கள் பின்னாலேயே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். தொடர் மூடுகோடு விழும் இடத்துக்குக் கீழே இறங்கியது.

அதற்கப்புறம் மங்கை ஃபெமினாவைத் தூங்கவிடவில்லை. கெஞ்சினாள், சண்டை போட்டாள், அழுதாள். பூபதி சாப்பிட வருவான், சாப்பிடுவான், போவான். மூன்றாம் வாரம் நெருங்கியபோது ஃபெமினாவே கூப்பிட்டாள்.

"மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க மேடம். நாடியையும் சேத்துப் பாத்தாங்க. நீங்க சொன்னதுதான் சரி. நடுவுல பதிவான கேலிய அழிச்சுட்டு, பரவாயில்லன்னா உச்சம்னு மாத்திடலாம். ஆனா சொல்லகராதி எல்லாருக்கும் பொது. ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாது. தமிழ்ல சொல்ற எல்லாருக்கும் மாறும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல, மாத்துங்க" என்றாள் மங்கை. அவளுக்கு வேறெதையும் யோசிக்க நேரமில்லை.

மூடுகோடு விழுந்த நாள் காலை பலகையைப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. நிலாவுக்குத் தண்ணி லாரி: உச்சம். ஆத்தி! அதற்கு மேலே பஞ்சாயத்துத் தலைவன்: உச்சம். கீழே வாத்தியார் முடி: உச்சம். சட்டி பேசும் தொடர், சாம்பார் வைக்கும் பேய், எவனுமே ஏனென்று கேட்காத இயந்திர யானை, எல்லாம் உச்சம். தமிழன் எதைப் பார்த்தாலும் முதலில் சொல்வது அந்த ஒரு சொல்லைத்தானே! சாப்பாடு எப்படி, பரவாயில்ல. உடம்பு எப்படி, பரவாயில்ல. படம் எப்படி என்றால் மட்டும் வேறு என்ன சொல்லப்போகிறான்?

ஒரு தொடரைக்கூட மூடவில்லை. வரலாறு காணாத பொற்காலப் பருவம் என்று செய்தியில் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு யாராவது பார்த்திருக்க வேண்டுமே.

பூபதி அன்று சாயங்காலம் கழுத்தில் மாலையோடு வந்தான். படக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான்.

"எல்லாத்துக்கும் மாலை. வாத்தியார் முடிய வரைஞ்சவனுக்கு எனக்குப் போட்டதவிடப் பெருசு."

"தொடரு மூடலைல்ல? அதப் பாருங்க."

"பாத்தேன். யாரும் பாக்கலங்கிறதையும் பாத்தேன்." அவன் அவள் எதிரே உட்கார்ந்தான். "பலகைய விடு, முன்ரசிகன விடு. எனக்கு அந்த வெங்காயமெல்லாம் வேணாம். நீ உக்காந்து பாத்த ஆளு. நெசமாச் சொல்லு மங்கை, உனக்குப் புடிச்சுச்சா?"

மங்கை வாயைத் திறந்தாள். 'பரவாயில்ல' என்று சொல்ல முடியாது. அதை ஊருக்கே கொடுத்து நாசமாக்கியாயிற்று. 'நல்லாருக்கு' என்றால் கேலி. 'பின்னிட்டீங்க' என்றால் பூனைக் கதையோடு சேர்ந்துவிடும். எதை எடுத்தாலும் அது ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக் கசக்கிப் போட்ட சொல்லாக இருந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தாள். நெஞ்சு பொறுக்கவில்லை.

எழுந்து போய் இரண்டு கையாலும் அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை வழித்தாள். அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி வைத்து அழுத்தினாள். பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

பூபதி அவளையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"அம்புட்டா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது.

காப்பு அதிர்ந்தது. "புதிய சைகை பதிவாகியுள்ளது. இது பாராட்டா, எரிச்சலா? ஒரு சொல்லில் கூறவும்."

மங்கை பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பூபதி பாய்ந்து உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான்.

"சொல்லித் தொலைச்சுராத!"

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காப்பு காத்திருந்தது. மறுபடி கேட்டது, மறுபடி காத்திருந்தது. பதில் வராது என்று தெரிந்ததும், அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்த மரியாதைக் குரலில் தானாகவே சொல்லிவிட்டு அடங்கியது:

"பரவாயில்லை."