இரண்டாவது சதுரம்

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக் கிருசாந்தி நிமிர்வதற்குள் பக்கத்து அறையில் கணினி கத்தியது. நடுக்கூடத்துக் கமராவில் ஆள் தெரிந்தால் தலைக்கு ஒரு கத்தல். தினமும் அவளுக்காக ஒன்று. அன்று இரண்டு.

ஓடிப்போய், கத்தும்போது பதிவான படத்தைத் திரையில் பார்த்தாள். விளக்கடியில் குனிந்து நின்ற அவளைச் சுற்றிப் பச்சைச் சதுரம். சுவரோரத்தில், யாருமே இல்லாத சாய்மனைக் கதிரையைச் சுற்றி இன்னொன்று.

நாரந்தனையின் அந்தப் பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரர் தில்லைநாதன். கனடாவில் இருக்கிறார். அவருடைய தாய் சிவக்கொழுந்து அந்தக் கதிரையில்தான் போய்ச் சேர்ந்தா. விசா அலுவல் சரிவராததால் செத்தவீட்டை அவர் இந்தக் கமராவில்தான் பார்த்தார். எட்டுச் செலவு, அந்தியேட்டிச் சடங்குகளையும் அங்கேயே ஒரு கோயிலில் முடித்துவிட்டார். இங்கே கதிரையைக்கூட அசைக்க விடவில்லை. விடிய எழும்பிக் கைபேசியைத் திறந்தால் வீடு அப்படியே தெரியவேண்டும், விளக்கு எரியவேண்டும். அதற்குத்தான் கிருசாந்தி. புயலில் தன் வீட்டுக் கூரையைப் பறிகொடுத்தவள். பின்னறையில் இருக்க இடம் கொடுத்திருந்தார். இதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வேலணையிலிருந்து வந்து பார்த்த கணினிக்காரன் நிசாந்தன் சிரித்தான்.

“பழசெல்லோ அக்கா, கதிரையையும் ஆளெண்டு எண்ணுது. இந்த விண்டோசுக்கு இனிப் பாதுகாப்பும் இல்லை. புதுசு ஏத்தினாச் சரி.”

இந்தப் பெட்டி அதைத் தாங்குமா என்பது மட்டும்தான் சந்தேகம் என்றான். முடிவு தில்லைநாதனுடையது. அவரோ, கோயில் திருவிழா முடியட்டும் என்றார். பிறகு மழை என்றார். மழை விட்டதும், கரண்ட் நின்று நின்று வருகிறதே என்றார்.

அதற்கிடையில் கூடத்தின் மணம் மாறிவிட்டது. எண்ணெய்த் திரியின் புகைக்கும் பனை வடலிகளுக்குள்ளால் வரும் உப்புக் காற்றுக்கும் அடியில், கிழவி முழங்காலுக்குப் பூசும் நோவெண்ணெயின் காரமணம், யாரோ இப்போதுதான் போத்தலைத் திறந்து வைத்ததுபோல மெல்ல மெல்ல எழுந்து அவள் தொண்டையில் ஒட்டியது. கதிரைத் துணி நடுவில் சற்றுப் பள்ளமாகத் தெரிந்தது. ஒருநாள் இரண்டாவது சதுரம் கதிரையில் இல்லை; கதிரைக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த கிழமை, அவள் முதுகுக்குப் பின்னால்.

கதிரையை வெளியே வைக்கட்டுமா என்று கேட்டாள். தில்லைநாதன் முதன்முறையாக அவள்மேல் சத்தம் போட்டார். கடைசியில் நிசாந்தன்தான் அவரை மடக்கினான்: பழசு இனி எந்த நேரமும் நிற்கும், நின்றால் வீட்டைப் பார்க்கவே ஏலாது என்றான். பிறகு, சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைப்பவரின் குரலில், “ஏத்துங்கோ” என்றார்.

பின்னேரம் நிசாந்தன் வந்து தொடக்கிவிட்டான். முடியும்வரை நிற்பாட்டக் கூடாது, தானாக ஓடும் என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான். சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து மறைந்தது.

விளக்கேற்றும் நேரம். ஏற்றிவிட்டு அறைக்குள் ஓடிவந்தாள். திரை கறுத்துக் கிடந்தது. நடுவில் வெள்ளைப் புள்ளிகள் சுற்றின. விசிறி இரைந்தது. சூடேறிய தூசியின் வாடை.

கூடத்தில் கதிரை கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. புள்ளிகளையே பார்த்தாள். கடவுளே, முடியட்டும். முடியட்டும்.

இன்னொரு கிறீச். எழும்பும்போது வருகிற சத்தம்.

நோவெண்ணெய் மணம்.

புள்ளிகள் நின்றன. திரை நீலமாக விரிந்தது. கைபேசி அடித்தது. தில்லைநாதன்.

“பிள்ளை, வேலை செய்யுது போல. விளக்கடியில போய் நில்லும், பாப்பம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கதிரைப் பக்கம் பார்க்காமல், கமராவுக்கு நேரே, விளக்கை ஒட்டி நின்றாள். அறைக்குள் கணினி கத்தியது.

ஒரு முறை.

காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை.

“அண்ணை, எத்தினை சதுரம் காட்டுது?”

“ஒண்டுதான்.”

இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு அழுகையாக வெளியே வந்தது. வெறும் இயந்திரப் பிழை. நிசாந்தன் சொன்னது சரி. இனி நித்திரை கொள்ளலாம்.

மறுமுனையில் தில்லைநாதனும் அழுதுகொண்டிருந்தார்.

“புதுசு ஏத்தினா அம்மாவைக் காட்டாமல் விட்டிடும் எண்டு பயந்துதான் பிள்ளை இவ்வளவு நாளும் வேண்டாமெண்டனான், இப்ப முகம்கூடத் தெளிவாத் தெரியுது, விளக்கடியில நிக்கிறா… நீர் எங்க நிக்கிறீர்?”