பதினேழாவது அக்கா

காலை பத்து மணிக்கு அவள் ஒலிப்பதிவுக் கூடத்தின் படியேறினாள். பையை நாற்காலியில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள். தங்கை போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

வீடியோ கேம்களுக்கு இசையமைப்பதும், அதே கேம்களில் குரல் கொடுப்பதும் அவளுக்குப் பத்தொன்பது வருடத் தொழில். அம்பு பட்டு, தீயில் வெந்து, மலையிலிருந்து உருண்டு என்று நானூறு தடவையாவது செத்திருப்பாள். "செத்துச் செத்துப் பிழைக்கிறவ எங்கக்கா" என்று தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனில் பெற்ற அம்மாவே ஏமாந்துபோவாள்.

ஒலிப்பதிவாளர் பழகிய மனிதர். ஆறுதல் சொல்லத் தெரியாமல், சரியாக இருந்த மைக்கையே மறுபடி சரிசெய்தார்.

"அந்தப் பதினேழாவது டேக்கை எதுக்கும்மா மாத்தணும்? டைரக்டர் கேட்டுட்டு, உயிரைக் குடுத்து நடிச்சிருக்காங்கன்னு சொன்னாரு."

"சரியில்லண்ணே. அழிச்சிட்டு வேற வெச்சிடலாம்."

அதற்கு மேல் அவரிடம் என்னவென்று சொல்வது?

கிணற்றில் விழும் சிறுமி "அக்கா" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் காட்சி. அன்று வீட்டிலேயே மைக்கை ஓடவிட்டு, காதை இறுக மூடும் ஹெட்போனில் பின்னணி இசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அந்த ஒரே சொல்லை விதவிதமாகக் கத்தித் தீர்த்தாள். பிறகு போட்டுக் கேட்டாள். பதினாறும் தேறவில்லை. பதினேழாவது மட்டும் எங்கோ ஆழத்திலிருந்து, எதிரொலியோடு, கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிற மாதிரி வந்திருந்தது. பரவாயில்லையே நாம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அந்தக் குரல் சரிந்து இறங்கிய சுருதியிலேயே வயலினை வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இசை அமைத்தாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போனபோது, தங்கை குளியலறைத் தரையில் கிடந்தாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் எண்ணிப் பார்த்தாள். தான் கத்தியது பதினாறுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் ஊர் உலகமெல்லாம் விளையாட்டாக ஒலிப்பதற்கு முன்னால் அழிந்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவு மூடிக்கொண்டது. உள்ளே எப்போதும் பழைய பஞ்சின் வாசனை இருக்கும். இன்று அதோடு ஈரச் சோப்பின் வாசனையும் கலந்திருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தச் சொல்லை மட்டும் அவள் நாக்கு எடுக்க மறுத்தது. உதட்டை இறுக மூடியபடி மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதான்மா!" ஹெட்போனில் ஒலிப்பதிவாளர். "இன்னொரு தடவை குடுங்க."

அவள் அசையவில்லை.

"அய்யோ, இது அதைவிட நல்லாருக்கு."

"என்னண்ணே கேட்டீங்க?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க கத்துனதைத்தான். ரெண்டு தடவை கத்துனீங்களே? இதுவே போதும். பழசை அழிச்சிட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயமும் வரவில்லை. எதற்காக வந்தாளோ அது முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். விளக்கு அணைந்தது. கதவில் கை வைத்தாள்.

பின்னாலிருந்து, முழங்காலுக்கும் கீழே, தரையோடு தரையாக, யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"அக்கா... இப்பவாவது கேக்குதா?"