கடலுக்குள் இன்னொரு காது

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது.

நஸ்ஹா எடுத்துப் பார்த்தாள். உம்மா!

"மகள்... தம்பியப் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க!"

"என்ன உம்மா சொல்றீங்க? ஆரு புடிச்ச?"

"பொலிஸ்! ஸாஜித்துட மீன்பிடி போட்டுல ரத்தம் ஈக்குதாம். டொக்டரக் கொலை செஞ்சது அவன்தானாம். நாளைக்குக் காலமை கொழும்புக்கு ஏத்துறாங்களாம். கொழும்புக்குப் போனா என்ட புள்ள திரும்பி வருவானா மகள்?"



நேற்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் உச்சமுனைக் கரையில் டொக்டர் கிளைட்டனின் உடல் ஒதுங்கியது. பின்மண்டை பிளந்திருந்தது. இரவெல்லாம் அழுது அவள் கண்கள் வீங்கியிருந்தன. வேலை கற்றுத் தந்த மனிதர். இப்போது தம்பியுமா?

டொக்டரோடு சேர்ந்து இன்னொன்றும் போயிருந்தது.

கடற்காது!

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வெளிக்கடலின் அடியில் கிடந்து, மேலே எந்தப் படகு போகிறது, கீழே எந்த நீர்மூழ்கி போகிறது என்று கேட்டுச் சொல்லும் கருவி அது. நாட்டின் பாதுகாப்புக்காக டொக்டர் கிளைட்டன் உருவாக்கியது. ஒலிகளைப் பிரித்தறியும் வேலை நஸ்ஹாவுடையது. பல்கலைக்கழகம், கடல்காவல், கடல் உயிரினப் பிரிவு என்று ஆளுக்கொரு திசையில் இழுத்த எல்லோரையும் ஒன்றாகக் கட்டி வைக்கத்தான் கற்பிட்டியில் 'ஆய்வு ஒருங்கிணைப்பு மையம்' திறந்தார்கள்.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது.

நஸ்ஹா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

*

பொலிஸ் நிலையம். கம்பிக்குப் பின்னால் ஸாஜித். ஒரே இரவில் முகம் வாடிப் போயிருந்தது.

"ராத்தா! அல்லாஹ் மேல சத்தியமா நான் செய்யல்ல!"

"அழாதடா. நேத்து போட்ட எப்ப எடுத்த?"

"காலமை வலை பாக்கப் போனேன். திரும்பி வந்து குளிச்சிட்டு மத்தியானம் ஜும்ஆவுக்குப் போனேன். தொழுதிட்டுச் சோறு தின்டு படுத்திட்டேன். பிறகு போட்டுப் பக்கமே போகல்ல ராத்தா!"

"அவர் சொல்றார். நாங்க நம்பணும்."

பின்னால் குரல். நஸ்ஹா திரும்பினாள். இன்ஸ்பெக்டர் யூஜினி. சிலாபத்துக்காரி. சிரிப்பதற்குக் கூட மேலிடத்து அனுமதி கேட்பாளோ என்று நினைக்க வைக்கும் முகம்.

"மிஸ், கருவி இருந்த இடம் தெரிஞ்ச படகோட்டி உங்கட தம்பி ஒருத்தர்தான். காலமை தனியா கடல்ல இருந்திருக்கிறார். போட்டுல டொக்டர்ட ரத்தம். வேற என்ன வேணும்?"

"காலமைதான் கொலை நடந்ததெண்டு ஆர் சொன்ன?"

"தண்ணிக்குள்ள கிடந்த உடம்பு. நேரத்தச் சரியாச் சொல்லேலாதாம்."

"அப்ப ஜும்ஆ நேரமாவும் இருக்கலாம்தானே?"

யூஜினியின் புருவம் உயர்ந்தது.

"வெள்ளிக்கிழமை அந்த நேரம் எங்கட துறைக்கு வந்து பாருங்க இன்ஸ்பெக்டர். கரையில ஒரு ஆம்புள இருக்க மாட்டான். கடல்ல ஒரு எஞ்சின் ஓடாது. போட்டெல்லாம் சும்மா கிடக்கும். ஆராவது தம்பிட போட்ட எடுத்துட்டுப் போய், திரும்பக் கொண்டாந்து விட்டா ஆர் காண்ற? அந்த நேரம் தம்பி பள்ளியில, முழு ஊருக்கும் நடுவுல நிண்டவன்!"

"நல்ல கதை. சாட்சி?"

"கடற்காது இருந்தா அது சொல்லும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு சத்தம்."

"அதத்தானே களவெடுத்திட்டாங்க!"

நஸ்ஹா கம்பிக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். நாளைக் காலை அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? யாரிடம் போய்க் கேட்பது?

சட்டென்று அவள் நிமிர்ந்தாள். யூஜினியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

"இது சரிவருமா?"

"எங்கட ஆக்கள எனக்குத் தெரியும் இன்ஸ்பெக்டர்."

யூஜினி சிரித்தாள்! வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

*

அவசரக் கூட்டம். மையத்தின் பணிப்பாளர் றொபி தலைமைக் கதிரையில் இருந்தார். நஸ்ஹாவைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஐயோ நஸ்ஹா... தம்பிக்காக நான் கொழும்புல கதைக்கிறேன். பயப்படாதீங்க. நேத்து நான் கொழும்புல இருந்து வந்து சேரவே பொழுதுபட்டிட்டு. இல்லாட்டி அப்பவே ஏதும் செஞ்சிருப்பேன்."

தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர். நஸ்ஹாவுக்குக் கண் கலங்கியது.

"சேர்... ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"டொக்டரக் கொன்ற இடத்துக்குக் கிட்ட, கடலுக்குள்ள இன்னொரு காது இருக்கு!"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"கடற்பசுட சத்தத்தப் பதியிறதுக்குப் போட்ட ரெக்கோடர் சேர். ஜும்ஆ நேரம் கடல்ல வேற எஞ்சின் இல்ல. ஓடினது ஒண்டே ஒண்டுண்டா, அது துப்பரவாப் பதிஞ்சிருக்கும். அடிபட்ட சத்தம் கூட விழுந்திருக்கும். நாளைக்குக் காலமை அத மேல தூக்குறாங்க."

றொபி மெல்லத் திரும்பினார்.

"கடற்பசு ரெக்கோடரா? எனக்கு ஆரும் அறிவிக்கல்லையே! உசனார்?"

கடல் உயிரினப் பிரிவின் அதிகாரி உசனார் தொண்டையைச் செருமினார்.

"அது... ஓம் சேர். எங்கட பிரிவுட திட்டம்தான். அறிக்கை வந்துக்கிட்டு இருக்கு."

பேராசிரியை அனஸ்தாசியாவுக்குப் பொறுக்கவில்லை.

"கருவி எங்கட பல்கலைக்கழகத்துட எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ உசனார்!"

கடல்காவல் அதிகாரி நிரோசன் மார்பை நிமிர்த்தினார்.

"அனுமதி குடுத்தது நாங்க."

றொபி மேசையில் ஓங்கி அறைந்தார்.

"ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்றதில்ல! பிறகென்னத்துக்கு இந்த மையம்?"

கூட்டம் கலைந்தது.

கலைந்து போன ஒவ்வொருவருக்குப் பின்னாலும், சீருடையைக் கழற்றிச் சாரம் கட்டிய ஒரு கொன்ஸ்டபிள் போனான்.

*

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். கடலிலிருந்து வீசிய கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. துறையில் நின்ற மீன்பிடிப் படகொன்றில் நஸ்ஹாவும் யூஜினியும் வலைக்குவியலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள்.

யூஜினியின் போனில் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

"உசனார் வீட்டுல நித்திரை. பேராசிரியை இறால் சாப்பிடுறா. நிரோசன் கெரம் விளையாடுறார்..."

"வேற?"

யூஜினி போனைக் காதில் அழுத்தினாள். முகம் மாறியது.

"ஒரு ஆள் கடலுக்கு இறங்கியிருக்கு. டொல்பின் பாக்கப் போறதாச் சொல்லி, ஹோட்டல் போட்ட எடுத்திட்டு... தனியா!"

"ஆரு?"

யூஜினி கையை நீட்டினாள்.

வெள்ளைப் படகு அவர்களைக் கடந்து போனது. டொல்பின்கள் துள்ளும் மேற்குக் கடலுக்கு அல்ல... நேர் எதிர்த் திசையில், கரைக்குள் தேங்கிய களப்பு நீருக்குள்!

"நாங்க எல்லாரும் டொக்டர் கருவி கிடந்த வெளிக்கடல்ல செத்ததா நினைச்சிட்டிருக்கிறம். இந்த ஆள் மட்டும் ஏன் இங்கால போகுது?"

யூஜினி முணுமுணுத்தாள். அந்த முதுகை நஸ்ஹாவுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுடைய படகும் தூரத்தில் பின்தொடர்ந்தது. கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு தீவின் மறைவில் வெள்ளைப் படகு நின்றது. அந்த ஆள் சிறு நங்கூரத்தை எறிந்து அடியைத் துழாவினார். ஒன்றும் இல்லை. மறுபடி எறிந்தார். வெறி பிடித்தாற்போல இழுத்தார்.

இந்த முறை கயிறு கனத்தது. கறுப்பாக, உருளையாக ஒன்று மேலே வந்தது.

கடற்காது!

அவர் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபடியும் நங்கூரத்தை எறிந்தார்.

"றொபி சேர்!" யூஜினி எழுந்து நின்று கூவினாள். "என்ன மீன் படுது?"

றொபி வெளிறிப் போனார். எஞ்சின் கயிற்றை இழுத்தார். உறுமியது. பின்தொடர்ந்து வந்து கண்டலுக்குள் ஒளிந்திருந்த கொன்ஸ்டபிள்களின் படகு பாய்ந்து குறுக்கே நின்றது.

துடுப்பை ஓங்கியவரின் கையைத் துப்பாக்கி முனை தட்டியது. துடுப்பு தண்ணீரில் விழுந்தது. நஸ்ஹாவின் படகும் வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது.

"ஏன் சேர்?" நஸ்ஹாவின் குரல் உடைந்தது. "டொக்டர் உங்களோட ஒண்டாச் சாப்பிட்டவரே!"

"பழுதுபாக்கக் கழட்டுறமெண்டுதான் ஜும்ஆ நேரம் ஸாஜித்துட போட்டுல அவனக் கூட்டி வந்தேன். வெளிநாட்டுக் கப்பலுக்குக் குடுக்கப் போறனெண்டு இந்த இடத்துல வைச்சுத்தான் விளங்கிக்கிட்டான். விடமாட்டேனெண்டு கருவியக் கட்டிப் புடிச்சான்... அடிச்சிட்டேன்."

"பழிய என்ட தம்பியில போட்டீங்க!"

"அவன்ட பேரச் சொன்னா மேல ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க எண்டு தெரியும்."

நஸ்ஹா ஓங்கி ஒரு அறை விட்டாள். யூஜினி அதைப் பார்க்கவேயில்லை. கண்டல் மரத்தில் கொக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

றொபி கன்னத்தைத் தடவினார்.

"அந்த ரெக்கோடர் எங்க? இவ்வளவு துழாவியும் அம்புடல்லையே!"

"அப்பிடி ஒண்டு இல்ல சேர்."

"என்ன?"

"நான் விட்ட கதை."

"பொய்! உசனார் தன்ட திட்டமெண்டான்! பேராசிரியை தங்கட கருவியெண்டா! நிரோசன் அனுமதியே குடுத்தமெண்டான்!"

"தெரியாதெண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனம் வராது சேர். உங்கட கூட்டத்துல இருந்துதான் நான் இதப் படிச்சேன்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பு வாகனம் வந்தது. ஏறியது றொபி.

ஸாஜித் வெளியே வந்தான். உம்மா அவனைக் கட்டிப் பிடித்து, முகத்தைத் தடவித் தடவி அழுதாள். நஸ்ஹாவும் அழுதாள். டொக்டருக்காகவும் சேர்த்து அழுதாள். யாரிடமும் மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நஸ்ஹா தங்கச்சி..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். உசனார் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"கேஸ் முடிஞ்சிதானே. எங்கட கடற்பசு ரெக்கோடர எப்ப திருப்பித் தருவீங்க? கணக்காய்வுக்கு ஆக்கள் வராங்க."

நஸ்ஹா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல்ல அத வாங்கிப் போடுங்க உசனார் நானா... பிறகு திருப்பித் தாறோம்!"